புகையில்லாத தொழில்

மூலனூரில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. தாராபுரத்திலிருந்து கரூர் போகிற பேருந்து எங்கள் ஊரில் நிற்கும். நாலு பேர் இறங்குவார்கள், ஆறு பேர் ஏறுவார்கள், புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். அருவி இல்லை, மலை இல்லை, கடல் இல்லை. மழையே நினைத்தால்தான் வரும். கிளுவை வேலி போட்ட கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலம், நடுவில் வெள்வேல மரம், அதன் நிழலில் அசை போடுகிற காங்கேயம் மாடு, தூரத்தில் சுற்றுகிற காற்றாலை. காட்சி அவ்வளவுதான். இதைப் பார்க்க ஸ்பெயினிலிருந்து ஒருவன் விமானம் ஏறி வரமாட்டான். கோயம்புத்தூரிலிருந்துகூட வரமாட்டான். எங்கள் பாட்டன் பூட்டன் என்ன புண்ணியம் செய்தார்களோ, இப்படி ஒரு காய்ந்த ஊரை எங்களுக்கு வைத்துவிட்டுப் போனார்கள்.

புண்ணியம் என்று நான் சொல்வதன் பொருள் ஊட்டிக்காரரைக் கேட்டால் தெரியும். சீசனில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருபதாயிரம் வண்டிகள் நீலகிரி மேல் ஏறுகின்றன என்ற கணக்கு 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இருபதாயிரம் வண்டி என்றால் மலையில் ரோடு எங்கே, மனிதன் எங்கே, யானை எங்கே? அந்த மே 7-ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அதற்கும் கூட்டம் அடங்கவில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று எண்ணிவிடச் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் வால்பாறைக்கும் இ-பாஸ். ரேஷன் கடையில் அரிசி அளந்த காலம் போய், இப்போது மலையை அளந்து போடுகிறோம்.

உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. நீலகிரியில் நம்பர் பிளேட்டில் டிஎன் 43 இருந்தால் பாஸ் வேண்டாம். அதாவது, பிறந்து வளர்ந்த ஊருக்குள் நுழைய அந்த ஊர்க்காரனுக்கு அவனுடைய வண்டி சாட்சி சொல்ல வேண்டும். வண்டி இல்லாதவன் நிலைமையைக் கேட்காதீர்கள். அவன் பேருந்தில் தொங்கிக்கொண்டு, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கிற கார்களின் பின்னால் வீடு போய்ச் சேருவான்.

வண்டிக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு வந்த மறுநாளே, 2025 ஏப்ரல் 2 அன்று, நீலகிரியில் வியாபாரிகள் கடையடைத்தார்கள். கீழே இருக்கிறவர்கள் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டினார்கள். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. ஒரு ஊரை, அந்த ஊரை விற்றால்தான் சோறு என்ற நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒருநாள் காலையில் எழுந்து விற்காதே என்றால் அவன் வேறென்ன செய்வான்? சால்வை விற்கிறவரும், சாக்லேட் விற்கிறவரும், வாடகைக் கார் ஓட்டுகிறவரும் மலையைக் கெடுத்தவர்கள் இல்லை. மலையைக் கெடுக்கும் வேலையில் தினக்கூலிக்குச் சேர்க்கப்பட்டவர்கள்.

சேர்த்தது யார்? மேடையில் ஏறிச் சுற்றுலாவைப் ‘புகையில்லாத தொழில்’ என்று புகழ்ந்தவர்கள். இந்தச் சொல்லை எத்தனை அமைச்சர் வாயிலிருந்து, எத்தனை பாடப்புத்தகத்தில், எத்தனை உலகச் சுற்றுலா தினத்தில் கேட்டிருக்கிறோம்! ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 27 வந்தால் மாலை, மேளம், வரவேற்பு, இந்தச் சொல். 2023-இல் தமிழ்நாடு அரசு கொள்கை ஒன்றை வெளியிட்டுச் சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்தும் கொடுத்துவிட்டது. நல்லது. ஆனால் தயவுசெய்து இந்தச் சொல்லைத் திருப்பூர் மாவட்டத்துக்காரனிடம் மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் சாயத் தொழிலிலும் பெரிதாகப் புகை கிடையாது. தண்ணீர்தான். சிவப்புத் தண்ணீர், நீலத் தண்ணீர், ஆர்டரைப் பொறுத்து நொய்யல் ஆற்றில் ஓடியது. பாசனத்துக்கென்று 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். பாசனத்துக்குப் பதில் சாயம் தேங்கியது. ‘தண்ணீரைத் திறக்காதீர்கள்’ என்று விவசாயிகள் கெஞ்சிய அணை உலகத்தில் வேறு எங்கே இருக்கும்? கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின. அதுவரை அந்நியச் செலாவணி என்ற ஒரே மந்திரம்தான். ஆற்றைக் கொடுத்து டாலர் வாங்கினோம். இப்போது அதே மந்திரத்தை மலைக்கு ஓதுகிறார்கள்.

ஊட்டிக்கு முதன்முதலில் சுற்றுலா போனது நாமல்ல, அரசாங்கம். எங்கள் பக்கமெல்லாம் கோயம்புத்தூர் ஜில்லாவாக இருந்த காலத்தில் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மேலே ஏறினார். குளிர் பிடித்துப்போனது. 1820-களில் கல்வீடு கட்டினார், ஏரி வெட்டினார். அங்கு வாழ்ந்த தோடர் பழங்குடியினரிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பது ஊட்டி வரலாற்றை எழுதுகிறவர்கள் பெருமையாகச் சொல்லும் செய்தி. அப்புறம் சென்னை மாகாண அரசே கோடையில் கோப்புகளைக் கட்டிக்கொண்டு மேலே போய்விடும். கீழே பஞ்சத்தில் ஜனம் செத்துக்கொண்டிருக்க, மேலே பஞ்ச நிவாரணக் கோப்பு குளிர்காயும். அந்த ஒரு ரூபாய் ஏக்கரில் இன்று ஒரு சதுர அடி என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர் தோடராக இருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

சல்லிவன் வெட்டிய ஏரியின் கதை தனிக்கதை. கோடப்பமந்து கால்வாய் வழியாக நகரத்தின் சாக்கடை அதில்தான் வந்து விழுகிறது. அதன்மேல் படகு விட்டு டிக்கெட் கொடுக்கிறார்கள். குடும்பத்தோடு மிதித்துக்கொண்டு போகலாம். நொய்யலை வைத்துக்கொண்டு எங்களுக்கு இந்த யோசனை தோன்றாமல் போனதே! சிவப்புத் தண்ணீரில் ஒரு ரவுண்டு, நீலத் தண்ணீரில் ஒரு ரவுண்டு என்று விட்டிருந்தால் கலர் கலராகக் காசு பார்த்திருக்கலாம்.

மேலே போகிற கூட்டத்தில் எங்கள் ஆட்களும் உண்டு, அதை மறைத்து என்ன பயன்? வருடம் முழுக்கப் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் குனிந்திருக்கிற முதுகு அது. ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங். காலையில் இருட்டோடு கம்பெனி வேன் வந்து மூலனூர், கன்னிவாடி, குண்டடம் என்று ஆள் பொறுக்கிக்கொண்டு போகும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டோடு கொண்டுவந்து இறக்கும். சனிக்கிழமைச் சம்பளத்தில் நூறும் இருநூறுமாகச் சீட்டுப் போட்டு, மே மாதம் ஒரு டெம்போ டிராவலர் பிடிப்பார்கள். அண்டாவில் புளிச்சோறு, இன்னொன்றில் தயிர்ச்சோறு. இவர்கள் இரண்டு நாள் குளிர்ந்த காற்றில் நிற்கக் கூடாது என்று சொல்ல எந்தக் கொம்பனுக்கும் உரிமை இல்லை. நான் சொல்லமாட்டேன்.

ஆனால் கல்லாறு தாண்டியதும் நமக்குள் ஒரு ஜமீன்தார் முழித்துக்கொள்கிறார் பாருங்கள், அவரைத்தான் சகிக்க முடியவில்லை. கீழே சூப்பர்வைசர் முன்னால் வாயைத் திறக்காத ஆள், மேலே போனதும் தேயிலை பறிக்கிற பெண்ணைப் பார்த்து, ‘ஏம்மா, இப்படித் திரும்பு, ஒரு போட்டோ’ என்கிறார். நாளெல்லாம் நின்று பறிக்கிற அந்த அம்மாவும் பீஸ் ரேட்டில்தான் வாழ்கிறார் என்பது இவருக்குத் தெரியாதா? தெரியும். காசு கொடுத்து வந்திருக்கிறோம் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். ஓட்டுநரைப் பார்த்து, ‘எங்காச்சும் ஓரமா நிறுத்துங்கண்ணா, பசங்க ஆடோணுங்கறாங்க’ என்கிறார். ‘நிறுத்த ஓரம் இருந்தாத்தானுங்க’ என்று ஓட்டுநர் சொல்வது ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காது. ஓரம் இல்லாத இடத்தில் நிறுத்துவார்கள். ஆடுவார்கள். தட்டும் தம்ளரும் பாட்டிலும் ஓடைக்குள் போகும். உடைந்த பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்று நீதிமன்றம் தலையிட்டு, 2022-இல் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பத் தருகிற திட்டம் வந்தது. யானையின் காலுக்கு நாம் கொடுக்கும் மரியாதை பத்து ரூபாய் வைப்புத்தொகை என்று முடிவானது.

அதுவாவது காலோடு போயிற்று. மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தில் விடுதி கட்டி, ‘இயற்கையின் மடியில்’ என்று பலகை மாட்டியவர்கள் எத்தனை பேர்! 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த அனுமதியில்லாத விடுதிகளைப் பூட்டச் சொன்னது. 2020 அக்டோபரில், யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பும் சொல்லியது. அடுத்த ஜனவரியில் அதே மசினகுடியில் ஒரு காட்டு யானையின் தலைமேல் எரிகிற துணியையோ டயரையோ தூக்கிப் போட்டார்கள். நெருப்போடு ஓடுகிற யானையை நாடே செல்போனில் பார்த்தது. சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியில் அது செத்துப்போனது. பிடிபட்டவர்கள் தங்கும் விடுதிக்காரர்கள். யானையைப் பார்க்கலாம் வாருங்கள் என்று அறை வாடகைக்கு விடுவது, யானை வந்தால் கொளுத்துவது. இதற்குத் தொழில் அந்தஸ்து வேறு.

உலகமெங்கும் இந்தக் கூத்துதான். 1950-இல் நாடு விட்டு நாடு சுற்றிப் பார்க்கப் போனவர்கள் இரண்டரைக் கோடி பேர். 2024-இல் 140 கோடி. பார்சிலோனாவில் அந்த ஜூலையில் உள்ளூர் மக்கள் ஊர்வலமாக வந்து, ஓட்டல் வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிற வெளிநாட்டார்மேல் பொம்மைத் துப்பாக்கியில் தண்ணீர் பீய்ச்சினார்கள். குடியிருக்க வீடு கிடைக்கவில்லை என்ற கோபம். இருக்கிற வீடெல்லாம் நாள் வாடகைக்குப் போய்விட்டது. சுற்றுலாக்காரருக்கு விடுகிற 10,101 அடுக்குமாடி வீடுகளின் உரிமத்தை 2028 நவம்பருக்குள் முடித்துவிடுவோம் என்று மேயர் அறிவித்தார். வெனிசில் பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024 ஏப்ரல் 25 முதல் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் போட்டார்கள். பழைய வெனிஸ் தீவில் குடியிருப்போர் ஐம்பதாயிரத்துக்கும் கீழே போய்விட்டார்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போனால் சக சுற்றுலாப் பயணியைப் பார்த்துவிட்டு வரலாம்.

அந்தத் தண்ணீர்த் துப்பாக்கி நனைத்த டி-சர்ட்டுகளில் சில திருப்பூர் சரக்காக இருந்தால் நான் ஆச்சரியப்படமாட்டேன். கடற்கரைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, ‘இந்த ஊரை நேசிக்கிறேன்’ என்று அச்சடித்தது ஒன்று என, உலகம் ஊர் சுற்றப் போட்டுக்கொள்கிற துணியைத் தைத்துக் கொடுப்பவர்கள் நாங்கள். எங்கள் பெண்கள் தைத்த கழுத்துப்பட்டி பாரிஸைப் பார்த்திருக்கிறது, ரோமைப் பார்த்திருக்கிறது. தைத்தவருக்கு ஷெங்கன் விசா வேண்டுமென்றால் 90 யூரோ கட்டி, வங்கிக் கணக்கைக் காட்டி, ‘திரும்பி வந்துவிடுவேன் சாமி’ என்று சத்தியம் செய்ய வேண்டும். விசா கொடுக்கவில்லையென்றால் 90 யூரோ அவர்கள் உண்டியலில். வெள்ளைக்காரன் வந்தால் விருந்தினர். நாம் போனால் சந்தேகத்துக்குரியவர். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டபோது பனியனுக்கும் கிட்டத்தட்ட விசா மறுப்புதான்.

பயணம் பயணம் என்கிறோமே, தன்பாத்–ஆலப்புழா எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில் கழிவறை வாசலில் குந்தியபடி ஜார்க்கண்டிலிருந்து திருப்பூருக்கு வருகிற பையனும் பயணிதான். இரண்டு நாள், மூன்று மாநிலம் தாண்டி வருகிறான். அவனை வரவேற்க ஸ்டேஷனில் மேளம் கொட்டிப் பார்த்திருக்கிறீர்களா? செலவு செய்ய வருகிறவனுக்கு மாலை, உழைக்க வருகிறவனுக்கு ஆதார் எங்கே, அடையாள அட்டை எங்கே என்ற விசாரணை. பல ஆண்டுகள் உள்நாட்டுச் சுற்றுலாவில் தமிழ்நாடு முதலிடம் என்று பீற்றிக்கொண்டோம். பழனிக்குப் பாதயாத்திரை போய் விடுதியில் தங்குகிறவரும் அந்தக் கணக்கில் வரலாம். காலில் கொப்புளத்தோடு தாராபுரம் ரோட்டில் நடக்கிற அந்தக் கிழவிக்குத் தான் ஒரு பொருளாதாரச் சாதனை என்பது தெரியாது.

கடலோரம் இதைவிட மோசம். 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையில், தெற்கே நூறு மீட்டர், கிழக்கே இருநூறு மீட்டர் கரையோரம் யாரும் வீடு கட்டக்கூடாது, ஆபத்து என்றார்கள். மீனவன் ஒதுங்கினான். ஓட்டல்களுக்கு அந்தத் தடை இல்லை. அலைக்கு ஆள் பார்த்து அடிக்கத் தெரியும் போலிருக்கிறது. நம் தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் விழுங்கியது. மனிதன் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. அங்கேயே மீன்பிடித்துக் குடிசையில் கிடந்தவர்கள் பல பத்தாண்டுகள் மின்சாரம் இல்லாமல் கிடந்தார்கள். கேட்டால் அந்த அறிவிப்பைக் காட்டினார்கள். 2017-இல் அரிச்சல்முனை வரைக்கும் வழவழவென்று சாலை வந்தது. வாழத் தகுதியற்ற இடம் செல்ஃபி எடுக்கத் தகுதியுள்ள இடமாக ஆனது. இடிந்த தேவாலயத்தின் முன்னால் முத்துமாலை வாங்கிக்கொண்டு, ‘பாவம், எப்படி இருந்த ஊர்’ என்று உச்சுக்கொட்டிவிட்டு வேன் ஏறுகிறோம்.

அவ்வளவு தூரம் எதற்கு? எங்கள் மாவட்டத்துக்குள்ளேயே திருமூர்த்திமலை இருக்கிறது. பஞ்சலிங்க அருவியில் குளிக்க ஞாயிற்றுக்கிழமை திருவிழாக் கூட்டம். அடிவாரம் வரைக்கும் நல்ல ரோடு, பார்க்கிங், பஜ்ஜிக் கடை. அதற்கும் மேலே குருமலை, குழிப்பட்டி என்று மலைக்கிராமங்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணை, பாம்பு கடித்த ஆளைத் தொட்டில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு அந்த மக்கள் இறங்கிய படம் எத்தனை தடவை பத்திரிகையில் வந்திருக்கிறது! ரோடு கேட்டு எத்தனை மனு, எத்தனை ஆண்டு! குளிக்கப் போகிறவனுக்கு ரோடு உடனே வரும். பிள்ளை பெறப் போகிறவளுக்கு வனச்சட்டம் குறுக்கே வரும். சட்டம் தப்பில்லை; சட்டத்தைப் படிக்கிற கண்ணாடி ஆளுக்கு ஆள் மாறுகிறது, அதுதான் கோளாறு.

மாவட்டத்துக்கு ஒரு சுற்றுலாத் தலம், வட்டத்துக்கு ஒரு சுற்றுலாத் தலம் என்று யாராவது கிளம்பி, தெரியாத்தனமாக மூலனூர் பெயரும் பட்டியலில் ஏறிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, நானே ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். இரவில் சஃபாரி. சிங்கம் புலி இல்லை, தெருநாய். காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆட்டைக் கடித்துக் குதறுகிற நாய்களைப் பயணிகள் நேரில் பார்க்கலாம். காலையில் செத்த ஆட்டை ரோட்டில் போட்டு இழப்பீடு கேட்கிற மறியல்; அதில் கலந்துகொள்ள விரும்புவோருக்குத் தனிக் கட்டணம். மதியம் முருங்கை அனுபவம். மரமுருங்கை, செடிமுருங்கை, கரும்புமுருங்கை என்று வகை பார்த்துவிட்டு, வரத்து அதிகமாகி விலை விழுந்த நாளில், பறித்த கூலிக்குக்கூடக் கட்டாத காயைத் தன் கையாலேயே கொட்டிப் பார்க்கலாம். முருங்கை ஏற்றுமதி மண்டலம் என்று அரசு அறிவித்த ஏழு மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. இலைப்பொடி வெளிநாட்டில் டப்பாவில் சத்துணவாக விற்கிறது என்பதால், வெளிநாட்டுப் பயணிக்கு அந்தக் காட்சி கூடுதல் சுவை தரும். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு ஒன்றைக் காட்சி முனையாக அறிவிக்கலாம். எட்டிப் பார்க்கலாம், தண்ணீர் தெரியாது. இரவுத் தங்கல் திருப்பூரில், லைன் வீட்டில். பத்து வீட்டுக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ், வரிசை. அசல் அனுபவம் வேண்டுவோர் ஒன்றரை ஷிப்ட் நின்று பார்க்கலாம். அதற்கு மட்டும் நாங்களே காசு கொடுப்போம், ஊர் வழக்கப்படி சனிக்கிழமை.

சிரிக்கிறீர்கள். மசினகுடியில் நடந்ததும் தனுஷ்கோடியில் நடப்பதும் இதைவிட எந்த விதத்தில் புத்திசாலித்தனமான திட்டம்? ஒருவனுடைய இல்லாமையை இன்னொருவனுக்கு வேடிக்கையாக்கி, வேடிக்கைக்கு விலை போட்டு, விலையில் பெரும்பங்கை வேறு ஊரில் இருக்கிற முதலாளி எடுத்துக்கொள்வதற்குப் பெயர்தான் வளர்ச்சி என்றால், அந்த வளர்ச்சியை எங்கள் ஊர் கொறங்காட்டு மாடுகூட மோந்து பார்க்காது.

அரசுக்கு ஒன்றைக் கேட்கிறேன். சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தீர்கள் அல்லவா? அப்படியானால் தொழிலுக்குரிய சட்டத்தையும் கொடுங்கள். திருப்பூர் சாயப்பட்டறைக்காரரிடம், ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே வரக்கூடாது, வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்போம் என்கிறீர்கள். அந்தச் சட்டத்தை ஊட்டி, கொடைக்கானல் விடுதிகளுக்கும் போடுங்கள். சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை அறை வாடகையில் ஏற்றுங்கள். இத்தனை கோடிப் பேர் வந்தார்கள் என்று அறிக்கை அச்சிடும்போது, அதே பக்கத்தில் அந்த ஊர்க் குடும்பத்துக்கு வாரம் எத்தனை குடம் தண்ணீர் வந்தது, வீட்டு வாடகை எவ்வளவு ஏறியது, சீசன் நெரிசலில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடம் நின்றது என்ற மூன்று எண்ணையும் சேர்த்து அச்சிடுங்கள். அதுவரை எங்கள் மாவட்டத்து மேடையில் ஏறிப் ‘புகையில்லாத தொழில்’ என்று யாரும் பேச வேண்டாம்.